சட்டைக்குள் இருந்த வெளிச்சம்

பூச்சிதானே என்றுதான் நான் முதலில் சொன்னேன். திருச்சியில் படித்த காலத்தில் வாய்க்கால் ஓரம் எத்தனையோ மின்மினிகளைப் பார்த்தவன் நான். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க வேண்டுமா? என் மனைவி இங்கே சிங்கப்பூரில், கிளமெண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். மின்மினியைப் படத்தில் பார்த்ததோடு சரி.

"உங்களுக்குப் பூச்சி. எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் லா," என்றாள்.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கண்ணில் இருப்பது மெதுவாக முற்றும் நோய். முதலில் போவது இரவுப் பார்வை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதே சாயங்காலம் மங்கினால் படியிறங்க என் கையைத்தான் பிடிக்கிறாள்.

பாசிர் ரிஸ் அலையாத்திக் காட்டுக்கு மின்மினி பார்க்க மாதம் ஒருமுறை பன்னிரண்டு பேரை அழைத்துப்போகும் தமிழ் டீச்சர் ஒருவர் உண்டு. அவருக்குத் தன் கண்ணைப் பற்றியெல்லாம் எழுதி, நான்கு மாதம் காத்திருந்து இடம் பிடித்தாள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி வரச் சொல்லியிருந்தார்கள். தேக்கா கடைத்தெருவில் மாலைக்கடை மாலைக்கடையாக ஏறி இறங்கி, ஒரு துண்டு சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி வந்தாள். இருட்டுக்குக் கண் பழக மற்றவர்களுக்கு இருபது நிமிடம் போதுமாம். இவளுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் வீட்டிலேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரயிலில் கடைசி நிலையம்வரை கண்ணை மூடியே வந்தாள். ஒரு சீனப் பெரியவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கெல்லாம் வெட்கப்பட்டிருக்கிறேன், பாருங்கள்!

அன்று ஊரில் மாலை கிரிக்கெட் ஆட்டம். எங்கள் அணி ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. நாங்கள் காட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஓவர் மட்டும் பாக்கி.

"போனெல்லாம் பைக்குள்ள போகட்டும். ஒரு வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதல்லேருந்து இருபது நிமிஷம் நிக்கணும்," என்றார் டீச்சர். என் மனைவியின் தோளைத் தொட்டு, "உங்களுக்காகத்தான் இன்னைக்கு மழை வரலை," என்றார்.

நான் போனைச் சட்டைப் பையில் வைத்தேன். அதுவும் பைதானே!

பலகைப் பாதையில் வரிசையாக நடந்தோம். எனக்கு இடப்பக்கம் மனைவி. வலப்பக்கம் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், கம்பெனி சட்டையோடு. "லீவு நாள்ல தேக்காவுலயே உக்காந்திருந்து சலிச்சுப்போச்சுண்ணே, அதான் வந்தேன்," என்று வாசலில் என்னிடம் சொல்லியிருந்தார். சேற்று வாடை, கொசு, நண்டு ஓடும் சரசரப்பு. ஓடைக்கு எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் காட்டி நிற்கச் சொன்னார் டீச்சர். மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த நேரத்தில் என் புத்தி ஸ்கோருக்குப் போயிற்று. ஆறு பந்து, பதினோரு ரன் என்று பார்த்தது வாசலில். கழுத்துப் பொத்தானைக் கழற்றி, போனைச் சட்டைக்குள் நுழைத்து அங்கேயே திறந்தேன். அது விளம்பரப் படம் ஒன்றைப் பளீரென்று கொட்டியது. என்னவோ ஏதோ என்று மனைவி திரும்பினாள். முழு வெளிச்சமும் அவள் முகத்தில் விழுந்தது. அமுக்கி அணைத்துவிட்டேன். ஆனால் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

"யாரு அது?" டீச்சரின் குரல் மாறியிருந்தது. "அந்தப் பக்கந்தான். கம்பெனி சட்டை போட்ட அண்ணன், நீங்களா?"

"ஐயோ, என் போனு பையடியில கிடக்குதுங்க."

"அப்ப வெளிச்சம் தானா வந்துச்சா?"

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு நொடி. நான் பேசவில்லை. அந்த மனிதருக்குத் திட்டு வாங்கிப் பழகியிருக்கும், ஒன்றும் ஆகாது என்றுகூட நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். சீ!

"என் போன்தான் டீச்சர். சாரி," என்றாள் என் மனைவி.

"நீங்களா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "நாலு மாசமா கேட்டுட்டு இருந்தீங்களே!"

அப்போதும் நான் பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில், "அதோ! அதோ, கீழ்க்கிளையில!" என்று வெளிச்சம் நேரே படாதவர்கள் ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். மனைவி மரத்தைப் பார்க்காமல் குரல் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. போனின் வெளிச்சம் பச்சைத் திட்டாகக் கண்ணுக்குள் மிதந்துகொண்டிருந்தது. ஆனாலும், "ஆமா, ஆமா," என்று தலையாட்டினேன். அவள் கண் மறுபடி பழகுவதற்குள், நேரமாகிவிட்டது என்று எங்களைத் திரும்ப நடத்தினார் டீச்சர். வெளியே வந்ததும் கம்பெனி சட்டைக்காரர் என் மனைவியிடம் மட்டும், "வர்றேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார்.

ரயிலில் நான் மெல்ல, "சாரிம்மா," என்றேன்.

"அந்தக் கம்பெனி சட்டைக்காரர்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள். தெம்பனிஸ் நிலையம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, நீங்களாவது பாத்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு? எல்லாம் ஒண்ணா மின்னுச்சா, தனித்தனியா?"

இந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஒண்ணா," என்றேன். "யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

போன வாரம் அவளுடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் மின்மினிப் பேச்சு. "சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்ச மாதிரிக்கா, அத்தனையும் ஒண்ணா!"

"நீ பாத்தியாடி?"

"நான் எங்கக்கா பாத்தேன். அவர் பாத்தார். அவர் கண்ணு பாத்தா என்ன, என் கண்ணு பாத்தா என்ன?"