பால்மாவோடு வந்த தேயிலை

“பொருளியல் படிச்சு என்ன செய்யப் போற? கடையில வெலய கொறைக்கப் போறியா?”

பதுளையில் உயர்தர வகுப்பில் நான் சேர்ந்த அன்று, தோட்டத்து லொறி ஓட்டும் என் மாமா இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்கு ஏற்ற பதில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது ஒரு மணம்தான்: பொதியைக் கிழித்ததும் மூக்கில் ஏறும் பால்மாவின் உலர்ந்த, இனித்த மணம்.

நான் சிறுமியாக இருந்தபோது, தங்கைக்கு ஒரு வயது நிறைந்து, அம்மா மறுபடியும் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’க்குப் போகுமுன், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ‘பிள்ளைக் காம்பரா’வில் தங்கையையும் ஒரு போத்தல் பாலையும் கொடுத்துவிட்டுப் போவார். போத்தல் இல்லாத நாளில் அவள் அழுது ஓயமாட்டாள். மலைக்கு ஆள் அனுப்புவார்கள். அம்மா கூடையோடு இறங்கி வந்தால் அன்றைக்கு ‘அரைப்பேர்’தான், பாதி நாள் கூலி.

அப்போது அரசாங்கம் பால்மாவுக்கு விலை நிர்ணயித்திருந்தது. வானொலியில் கேட்ட அந்த விலைக்குச் சரியான பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பெரகல சந்திக்கு இறங்கினார். கடை வாசலில் அதே விலையைச் சோக்கால் எழுதிய பலகை தொங்கியது. உள்ளே, கடை முதலாளி பால்மாப் பொதியோடு ஒரு தேயிலைப் பக்கெட்டையும் சேர்த்து மேசையில் வைத்தார்.

“ரெண்டும் எடுத்தாத்தான் குடுப்பேன், பாக்கியம்.”

“தேயிலயா? எங்களுக்கா?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். “அப்படியே ஒரு கூட கொழுந்தும் கட்டிக் குடுங்க மொதலாளி” என்றார் ஒரு அக்கா. தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து மாதாமாதம் தேயிலைத் தூள் கிடைக்கும் வீடுகள் எங்களுடையவை.

“பலகையில வெல போட்டிருக்கே” என்றார் அம்மா.

“அப்ப பலகைகிட்டயே வாங்கிக்க.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “டவுன்ல எனக்கும் இப்படித்தான் தலையில கட்டுறாங்க. அந்த வெலைக்கு எனக்கே வர்றதில்ல தங்கச்சி.”

அந்த நேரம் கொழும்புக்குப் போகும் பஸ் ஒன்று சந்தியில் வந்து நின்றது. அம்மா அதைப் பார்த்தார், தேயிலைப் பக்கெட்டைப் பார்த்தார்.

“இத மட்டும் குடுங்க. வித்துட்டு வந்து ரெண்டுக்கும் தாறேன். அதுவரைக்கும் புள்ள இங்க இருக்கட்டும்.”

“புள்ளய வச்சு நான் என்ன செய்ய?”

“வாசிக்கத் தெரியும். வெலப் பலகய வாசிச்சிக்கிட்டு இருப்பா.”

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வேற ஆளு கேட்டா பால்மாவக் குடுத்துருவேன், சொல்லிட்டேன்” என்று பொதியை மேசைக்கடியில் வைத்தார்.

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நான் வீதியைப் பார்த்தேன். வாழ்க்கையில் எதையும் விற்றிராத அம்மா, ஹப்புத்தளையின் நல்ல தேயிலை என்று, “ஹொந்த தே, ஹப்புத்தளே தே” எனத் தெரிந்த சிங்களத்தில் கூவிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நடந்தார். யாரோ தலையாட்டி மறுத்தார்கள். பஸ் ஹோர்ன் அடித்தது. அதே சமயம் கடைக்குள் வந்த ஒருவர் பால்மா இருக்கிறதா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார், “முடிஞ்சிருச்சு” என்றார். பஸ் அசையத் தொடங்கியபோது, ஒரு ஜன்னலிலிருந்து நீண்ட கை காசைக் கொடுத்து அந்தப் பக்கெட்டை வாங்கிக்கொண்டது.

திரும்பும் ஏற்றத்தில் அம்மா பொதியை என்னிடம் தரவேயில்லை. தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

பொருட்களின் விலையில் அரசாங்கம் ஏன் தலையிடுகிறது என்று பின்னாளில் வகுப்பில் படித்தபோது, மற்றவர்களுக்கு வரைபடம் தெரிந்தது, எனக்கு அந்த மேசை தெரிந்தது. சேலை விலை ஏறினால் அடுத்த பொங்கலுக்கு வாங்கலாம். ஒரு வயதுக் குழந்தையைப் பசிக்காமல் இருக்கச் சொல்ல முடியாது, அதனால் பால் வாங்க வந்தவள் எந்த விலைக்கும் திரும்பிப் போக மாட்டாள் என்று விற்பவருக்குத் தெரியும், அவளுக்காக யாராவது பேரம் பேசியாக வேண்டும். ஆகவே விலை கட்டியது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் கட்டிய விலைக்கும் பொருள் வந்து சேரும் விலைக்கும் இடையில் இருந்த பள்ளத்தை யாரும் மானியம் கொடுத்து நிரப்பவில்லை. டவுன் வியாபாரி அதைக் கடைக்காரர்மேல் தள்ளினார், அவர் அம்மாமேல் தள்ளினார். அன்று அந்த பஸ் வந்திராவிட்டால் அது தங்கையின் போத்தலில்தான் வந்து விழுந்திருக்கும்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். சோக்கால் விலை எழுதும் பலகைகளைச் சந்தியில் காணவில்லை. தங்கை என்னைவிட உயரம்.

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குக் கட்டுப்பாட்டு விலையையே எடுத்துக்கொண்டேன். அதிகாரப்பூர்வ விலைப்பட்டியல்களே போதும் என்றார்கள் விரிவுரையாளர்கள்; போதாது என்று சொல்லி, எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போகத் தொடங்கிவிட்டேன். முதல் வீட்டில், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண், “என்ன வெலைக்கு வாங்குனேன்னு கேக்கப் போறீங்களா?” என்றாள்.

“இல்லங்க. வாங்க முடியாத நாள்ல என்ன செஞ்சீங்க?”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, சொல்லத் தொடங்கினாள்.