முயலோடு வந்த மாமன்

வருசநாட்டிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. லாரியில் படிந்த புழுதி இன்னும் தலைமுடியில் இருப்பது போலத்தான் இருக்கிறது. எனக்கு வருத்தமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அது தெரியத்தான் நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

என் அண்ணன் மூக்காண்டி சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறான். தறிச் சத்தத்திலேயே வருடக்கணக்காக நின்றவன் என்பதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவான். தறி ஓடாத நாளில் நாயைக் கூட்டிக்கொண்டு இளையரசனேந்தல் பக்கம் கரிசல் காட்டுக்கு முயல் பிடிக்கப் போவான். அவனுக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்தவன். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. உண்டானது எதுவும் தங்கவில்லை. எங்கள் அக்கா முருகம்மாளுக்குக் கோமதி பிறந்த அன்றே, "இவளை என் மடியில வச்சுத்தான் காது குத்தணும்" என்றான் அண்ணன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். தாய்மாமன் மடியில்தான் காது குத்துவார்கள், மூத்தவன் இருக்க வேறு யார் உட்காரப் போகிறார்கள்? அன்றைக்கு மாமன் தலையில் உருமா கட்டுவதற்காகச் சிவப்புக்கரைத் துண்டு ஒன்றும் வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான்.

அக்கா வீட்டாரின் குலசாமி வருசநாட்டு மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சாஸ்தா. இந்தச் சித்திரையில் இரண்டு குடும்பமும் ஒரே லாரியில் புறப்பட்டோம். கிடா, அண்டா, விறகு, அண்ணனின் நாய் எல்லாம் உள்ளே. வாசுதேவநல்லூர் தாண்டியதும் மலை கூடவே வந்தது. ராஜபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அக்காவின் மாமனார் வெள்ளத்துரை டீயை ஆற்றிக்கொண்டே பெருமை பேசினார்.

"எங்க வம்சத்துல அந்தக் காலத்துல தாய்மாமன் காட்டுக்குப் போயி ஒண்ணு அடிச்சிட்டு வந்தாத்தான் பிள்ளை காதையே தொடுவோம். இப்ப எந்த மாமன் போறான்? கறிக்கடையில போயில்லா நிக்கான்!"

"நான் போறேன் மாமா" என்றான் அண்ணன்.

"ஏ, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் வே. கிடாதான் கூடவே வருதே."

"முறைன்னா செஞ்சிரணும் மாமா."

"தறியில நின்ன காலு வே, உம்ம கால். மொசலு உம்மைப் பாத்துச் சிரிக்கப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கிழவர் பீற்றிக்கொண்டதை அவன் கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

அன்று ராத்திரி கோவிலில் தங்கினோம். மறுநாள் விடியும்போதே அண்ணன் கம்பும் நாயுமாகக் கிளம்பிவிட்டான். "வெயில் ஏறுததுக்குள்ள வந்துருதேன். துண்டு என் பைக்குள்ள இருக்கு" என்று அக்காவிடம் சொன்னான்.

வெயில் ஏறியது. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு இரண்டு தடவை வெற்றிலை போட்டார். கோமதிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. அக்கா மரங்கள் முடிகிற இடம் வரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ராகுகாலம் பொறக்கப் போவுது" என்றார் வெள்ளத்துரை. என்னைப் பார்த்தார். "ஏ மக்கா, நீ உக்காரு. நீயும் மாமன்தான். அதுவும் பேண்டு போட்ட மாமன்."

"அண்ணன் வந்துருவான் மாமா."

"அவன் வருவான். ராகுகாலம் நிக்குமா?"

கல்லூரியில் ராகுகாலத்துக்கு எதிராகப் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். இப்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அண்ணனின் பையைத் திறந்து துண்டை எடுத்து நீட்டினாள். கிழவர் அதை என் தலையில் கட்டினார். உட்கார்ந்தேன்.

ஊசி இறங்கியதும் கோமதி என் மார்பில் தலையை முட்டி முட்டி அலறினாள். மறுகாது குத்தும்போது திமிறாதபடி நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் நாய்தான் வந்தது. பின்னால் அண்ணன். கம்பில் ஒரு முயல் தொங்கியது. காலெல்லாம் முள் கிழித்திருந்தது. என் தலையைப் பார்த்தான். பிறகு குழந்தையின் காதைப் பார்த்தான்.

"முடிஞ்சிட்டா?"

"ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்றாள் அக்கா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"மொதல்லயே ஒண்ண நாய் அமுக்கிட்டு. தூக்கிப் பாத்தா பால் கட்டிக் கெடக்கு. குட்டிய எங்கனயோ போட்டுட்டு வந்திருக்கு. நல்ல காரியத்துக்கு வந்துட்டு அத எப்படி அடிக்க? விட்டுட்டேன். இத எடுக்கதுக்குள்ள நேரமாயிட்டு."

"மொசக்குட்டியப் பாத்தீரு, மருமவள விட்டுட்டீரே வே!" என்றார் வெள்ளத்துரை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. பேச்சு சும்மா போகக் கூடாது என்று நினைக்கிறவர்.

அண்ணன் ஓடைக்கரையில் உட்கார்ந்து முயலை உரித்தான். வேட்டை வழக்கப்படி ஈரலில் ஒரு துண்டை முதலில் நாய்க்குப் போட்டான். கறியை எல்லோருக்கும் அவனே பரிமாறினான். நன்றாக இருந்தது என்றார்கள். நானும் சாப்பிட்டேன். ருசி நினைவில்லை.

திரும்பும்போது லாரியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துண்டை மடித்து நீட்டினேன்.

"கெட்டுன உருமாவத் திருப்பித் தரக் கூடாதுலே" என்றான். "இனி அவளுக்குச் சடங்கு, கல்யாணம் எல்லாத்துக்கும் நீதான் முன்ன நிக்கணும்."

"நீ வராததாலதான் அண்ணே..."

"தெரியும்லே. நல்லாத்தான் பிடிச்சிருந்தியாம்."

அதற்கு மேல் உசிலம்பட்டி, கல்லுப்பட்டி, ராஜபாளையம் என்று ஊர்கள் போயின. அவன் கம்பியைப் பிடித்தபடி பின்னால் ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். நாய் அவன் காலடியில் தூங்கியது. முடியாது என்று நான் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் காதுகுத்து நின்றிருக்குமா, இல்லை வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்களா? அந்தக் கேள்வி இரண்டு ஊருக்கு மேல் என்னோடு வரவில்லை.

அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கோமதியின் காது இன்னும் ஆறவில்லை. என்னைக் கண்டால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

நேற்று மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்திருந்தான். அவன் உட்கார்ந்ததும் கோமதி ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுத்தான். பிறகு இடது கையால் அவளைத் தூக்கித் தரையில் நிறுத்தி, என் பக்கம் திருப்பிவிட்டான்.

"போ மக்கா. மாமா அங்கன இருக்கான் பாரு."

கோமதி காதைப் பொத்திக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.