ஒரு மே மாதமும் நான்கு சபைகளும்

ஆவடிக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் இரண்டு வேர்க்கடலை. மகளைச் சேர்த்திருந்த தனியார் பள்ளியின் வாசலில் காவலாளி ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, பள்ளிக்கூடம் என்னைக்கு தொறப்பிய?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா?" என்றார். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் 'இன்னா' என்றால் 'இந்தா, பிடித்துக்கொள்' என்று பொருள். சரி, ஏதோ நோட்டீஸ் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு உரித்து வைத்திருந்ததில் இரண்டு கடலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மரியாதைக்கு அதை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். பள்ளி திறக்கும் நாள் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எட்வின் கட்டிலில் புரண்டு சிரித்தார். "பிள்ளே, இங்க இன்னான்னா என்னதுன்னு அர்த்தம்."

துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்கள் பனியைப் பற்றியும் பாலைவனத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் தாண்டியது ஓர் இரவு பஸ் பயண தூரம். பாஸ்போர்ட் கேட்கவில்லை, மொழியும் தமிழ்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் நானும் புலம்பெயர்ந்தவள்தான் என்று எனக்குத் தெளிவாக உணர்த்தியது மொழியல்ல, தண்ணீரல்ல, கொசுவும் அல்ல. பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது விளங்காது. என்னைப்போல வந்து குவாட்டர்ஸில் அடைந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எண்பதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். எட்வினுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை, அதன் குவாட்டர்ஸில்தான் வீடு. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். ஷீபா மூன்றாம் வகுப்பு, ஜெபின் யுகேஜி. அரசுப் பள்ளிக்கு ஒரு விடுமுறை என்றால் எங்கள் தனியார் பள்ளிக்கு ஒன்றரை விடுமுறை. உயர்ந்த பள்ளி என்பதற்கு அதுவே அடையாளம் என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும். அந்த வருடம் வெயிலையும் வறண்ட போர்வெல்லையும் காரணம் காட்டி ஏப்ரல் பாதியிலேயே மூடிவிட்டு, ஜூன் பாதிக்கு மேல்தான் திறப்போம் என்றார்கள். நான் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கஞ்சி போட்ட முகம்.

"குழந்தைங்க கொஞ்சநாள் இயற்கையோட இருக்கட்டுமே மேடம். நீங்களும் விதவிதமா சமைச்சுப் போடலாம்."

"நான் வேலைக்குப் போறேன் டீச்சர்."

"அப்ப அவங்க அப்பா?"

"அவரும் வேலைக்குத்தான் போறார்."

இரண்டு பேரும் வேலைக்குப் போவது ஏதோ தொற்றுநோய் என்பதுபோல நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். குவாட்டர்ஸில் இயற்கை என்பது ஒரு முருங்கை மரமும் தண்ணீர்த் தொட்டியும்தான். முருங்கையில் கம்பளிப்பூச்சி, தொட்டிக்கு மூடி கிடையாது. அவற்றோடு பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எப்படி நட்டு போல்ட்டுக்கு இன்வாய்ஸ் அடிப்பது?

நான் வளர்ந்த வீட்டில் விடுமுறையைச் சமாளிப்பது என்ற பேச்சே இருந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். பக்கத்து வீட்டில் ஆசிரியர், எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர், பின்வீட்டில் ஆசிரியர் வேலைக்குக் காத்திருப்பவர். பள்ளிக்கு லீவு விட்டால் தெருவுக்கே லீவு. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அத்தனை ஆசிரியர்கள் இருக்கிற தெருவில் மே மாதம் வளர்வதைவிட ஜெயிலில் வளரலாம். மாங்காய்க்குக் கல்லெறிந்தால் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார்கள். அதிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் எட்வினின் மெட்ராஸ் வேலையைக் கேட்டதும் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். முந்தின வருடம் பிள்ளைகளை என் பெற்றோரோடு இருக்கிற அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம். இந்த வருடம் அண்ணிக்குப் பிரசவம். ஆக ஊர்க்கதவு சாத்திக்கிடந்தது.

வழி சொன்னவள் தேவகி. எங்களுக்கு எதிர் பிளாக். கணவன் அதே தொழிற்சாலையின் கேன்டீனில் வேலை, அவள் என் கம்பெனிக்கு எதிரிலிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டினாள். பாரிவாக்கத்துக்காரி. ஷீபாவின் வகுப்பில் படிக்கும் மஞ்சு அவளுடைய ஒரே மகள். நாங்கள் இருவரும் ஒரே மின்சார ரயிலில்தான் வேலைக்குப் போவோம். ஒருநாள் பெண்கள் பெட்டியில் நசுங்கியபடியே கேட்டாள்.

"இன்னாக்கா, லீவு உட்டுட்டானுங்க. புள்ளீங்கள எங்க தள்ளப் போற?"

"தெரியலியே தேவகி."

"உங்க சர்ச்சுல பசங்களுக்கு பத்து நாளு கிளாஸு வெக்கிறாங்களாமே? பாட்டு, கத, பிஸ்கோத்து எல்லாம் கீதாமே? மதியானம் வரிக்கும் பாத்துக்கறாங்களாம். எம் பொண்ணையும் இட்டுகினு போயேன்."

"விடுமுறை வேதாகமப் பள்ளி. ஆனா அது பத்து நாள்ல முடிஞ்சிரும். மிச்ச நாளுக்கு?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஆவடில ஒரே ஒரு சர்ச்சா கீது? பட்டாபிராம்ல ஒண்ணு கீது. டேசனாண்ட ஒண்ணு கீது. பஸ் ஸ்டாண்டு பின்னால கைதட்டிப் பாடுவாங்களே, அது ஒண்ணு கீது. இது முடிஞ்சா அது."

"எல்லாம் வேற வேற சபை தேவகி. எங்க வீட்ல கேட்டா வெட்டிப் போட்டுருவாங்க."

"சாமி எங்கியும் ஒண்ணுதான்க்கா. பிஸ்கோத்துதான் வேற வேற."

மூன்று தலைமுறையாக என் குடும்பத்தில் யாரும் சொல்லத் துணியாத இறையியலை அவள் திருமுல்லைவாயலுக்கும் அம்பத்தூருக்கும் இடையில் சொல்லி முடித்துவிட்டாள். கைதட்டுகிற சபைக்காரர்கள் நடந்த தெருவில்கூட நடக்காதவர்கள் எங்கள் வீட்டார். ஆனால் அவர்கள் யாரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்டு பஞ்ச் செய்ததில்லை.

அப்படித்தான் அந்தப் படையெடுப்பு தொடங்கியது. எட்வின் அந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் அவர் வருவார், நான் கிளம்புவேன். வழியில் மூன்று பிள்ளைகளையும் சபையில் விட்டுவிட்டுப் போவேன். மதியம் அவர் தூக்கத்தைப் பாதியில் உதறிவிட்டுப் போய்க் கூட்டிவருவார். மாலையில் நான் வருவேன், அவர் கிளம்புவார். அந்த மே மாதத்தில் நானும் என் புருஷனும் சந்தித்துக்கொண்டது வாசற்படியில்தான். "மோரு இருக்கு", "ஜெபினுக்கு வயிறு செரியில்ல" என்ற அளவில் எங்கள் இல்லறம் நடந்தது.

சபைகளில் ஒரு குறையும் இல்லை. நல்ல மனிதர்கள், பொறுமையான வாலிபப் பெண்கள். முதல் சபையில் மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசு மஞ்சுவுக்கு. இரண்டாவதிலும் மஞ்சுவுக்கே. ஷீபா இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் அழுதாள். தேவகியோ பரிசாக வந்த சோப்பு டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி போட்டாள். ஜெபினின் கதை வேறு. ஒவ்வொரு சபையிலும் கடைசி நாளில், யாரெல்லாம் இனிமேல் நல்ல பிள்ளையாக ஆண்டவருக்கு வாழப்போகிறீர்கள், கை தூக்குங்கள் என்பார்கள். இவன் மூன்று இடத்திலும் தூக்கிவிட்டான். கைதட்டுகிற சபையின் போதகர் மனம் நெகிழ்ந்து, பையனைக் குறித்துப் பேச வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லா இடத்திலும் ஏன் கை தூக்கினாய் என்று அவனிடம் கேட்டேன்.

"அங்கயும் கேட்டாவ, இங்கயும் கேக்காவ. தூக்காட்டி பாவம்லா?" என்றான்.

நான்காவதாகப் போனது தேவகி சொன்ன 'டேசனாண்ட', அதாவது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சபை. அங்கேதான் அது நடந்தது. ஒருநாள் அந்தச் சபையில் யாரோ ஒரு பெரியவர் இறந்துபோக, வகுப்பைக் காலையிலேயே முடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மூவரிடமும், "வீடு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியும்" என்றிருக்கிறார்கள். தெரிந்தது உண்மைதான். ஆனால் வீட்டில் அப்பா தூங்குவார், எழுப்பினால் திட்டுவார், அதனால் அம்மா ஆபீசுக்கே போய்விடலாம் என்பது ஷீபாவின் யோசனை. ரயிலேறும் துணிச்சல் மஞ்சுவுடையது. ஜெபின் வழக்கம்போல இரண்டுக்கும் கை தூக்கியிருப்பான்.

மதியம் என் மேஜைக்குப் போன் வந்தது. எட்வின், ஏதோ எஸ்.டி.டி. பூத்திலிருந்து. குரல் அவருடையதாகவே இல்லை.

"பிள்ளே, பிள்ளைகளக் காணல்ல. சர்ச்சு பூட்டிக் கெடக்கு. தொட்டிக்குள்ளயும் பாத்தாச்சு."

தொட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ரிசீவரை அப்படியே போட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சாலையைக் கடந்து எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டில் நின்று தேவகி பெயரைச் சொல்லிக் கத்தினேன். வெளியே விடமுடியாது என்று சூபர்வைசர் குறுக்கே நின்றான். "எம் பொண்ணக் காணோம்டா கஸ்மாலம், வய்ய உடு" என்று அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அவள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஆவடி வண்டிக்கு நின்ற நேரத்தில் என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்துபோனது.

அடுத்த ஸ்டேஷன் அம்பத்தூர். வண்டி நின்றதும் தேவகி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "மஞ்சு கொரலுக்கா அது!" எதிர் பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு நடுவிலிருந்து பாட்டு. இறங்கியதும் அவள் தண்டவாளத்தைத் தாண்டிக் குதித்தாள். நான் மேம்பாலம் ஏறி ஓடினேன். ஆசிரியர்கள் வளர்த்த பிள்ளை அப்போதும் தண்டவாளத்தில் இறங்க மாட்டாள்.

அம்மா வேலை பார்ப்பது அம்பத்தூர் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். எஸ்டேட்டுக்கு அதற்கடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பது தெரியாது. இங்கே இறங்கி, கம்பெனி பெயரும் தெரியாமல் விழிக்க, ஜெபின் அழத் தொடங்கியிருக்கிறான். அவனைச் சமாதானப்படுத்த மஞ்சு நான்கு சபையிலும் கற்றிருந்த பாட்டுகளைக் கைகால் ஆட்டி ஒவ்வொன்றாகப் பாட ஆரம்பித்திருக்கிறாள். ஷீபாவும் சேர்ந்துகொண்டாள். ரயிலில் பாடிப் பிழைப்பவர்களைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் சில்லறை போடத் தொடங்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, வசன மனப்பாடத்தில் கிடைக்காத பரிசெல்லாம் ஷீபாவின் பாவாடை மடியில் கனத்துக்கொண்டிருந்தது.

கொய்யாப்பழம் விற்கிற ஓர் அம்மா ஜெபினை மடியில் உட்கார்த்தி வைத்திருந்தாள். "உன் பசங்களாம்மா? நல்ல வேள வந்த. எந்த ஊருன்னு கேட்டா, பெரிய பொண்ணு நாகர்கோயிலுங்குது. இன்னொண்ணு பாரிவாக்கமுங்குது. இந்தக் குட்டி ஆவடிங்குது. யாரோ மூணு ஊர்லேந்து தூக்கிகினு வந்துட்டான்னு நெனச்சிகினேன். டேசன் மாஸ்டராண்ட சொல்லி நாகர்கோயிலு புள்ளய மொதல்ல வண்டி ஏத்தி உட்டுடலாம்னு கீறோம்."

நான் ஷீபாவைப் பார்த்தேன். யார் கேட்டாலும் உன் ஊர் நாகர்கோவில் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தப் பதிலுக்காகவே அவளை எங்கோ அனுப்பியிருப்பார்கள். அங்கேயே அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தேவகி அழவில்லை. மஞ்சுவின் முதுகில் ரெண்டு வைத்தாள், பிறகு முத்தம் கொடுத்தாள், பிறகு மறுபடியும் ரெண்டு வைத்தாள். சேர்ந்த சில்லறைக்கு அந்த அம்மாவிடமே கொய்யாப்பழம் வாங்கினோம்.

ஆவடி பிளாட்பாரத்தில் எட்வின் நின்றிருந்தார். சட்டையை மறுபுறமாகப் போட்டிருந்தார், காலில் செருப்பில்லை. ஜெபினைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றும் முழுதாகப் பார்க்கவிடவில்லை.

மறுநாள் நானும் தேவகியும் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனோம். சண்டைக்குத்தான். தேவகி ரயிலடி வார்த்தைகளை எல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். தலைமையாசிரியையின் அறைக் கதவைத் தள்ளினால், உள்ளே உலக வரைபடத்துக்குக் கீழே பெஞ்சில் ஒரு பையன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் அவனையே பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாள் எழுந்து நின்றார். புடவையில் கஞ்சி அப்படியே இருந்தது, முகத்தில் இல்லை.

"என் பையன்தான். அட்மிஷன் வேலைக்கு எனக்கு லீவு கிடையாது. வீட்ல யாருமில்ல. வேற எங்க விடறது?"

தேவகி தயாரித்து வந்த அத்தனையும் வீணாயிற்று. "அப்போ இவ்ளோ பெரிய ஸ்கூல பூட்டி வெச்சிகினு, இவன மட்டும் பெஞ்சுல போட்டு வெச்சிகிறியேம்மா" என்று மட்டும் சொன்னாள். அதட்டலாக இல்லை, வருத்தமாகச் சொன்னாள்.

அந்த வாரமே இரண்டு வகுப்பறைகளைத் திறந்தார்கள். ஓர் ஆயா, ஒரு கேரம் போர்டு, ஒரு குடம் தண்ணீர். முதலில் எங்கள் பிள்ளைகள் மூவரும் அவர் மகனும். மாதம் முடிவதற்குள் அறை கொள்ளவில்லை. அத்தனை பெற்றோர் இதுவரை பிள்ளைகளை எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ தெரியாது. அடுத்த வருடம் அதற்கு 'சம்மர் கேம்ப்' என்று பெயர் சூட்டி, தனிக் கட்டணமும் வைத்தார்கள். இயற்கையோடு இருப்பது பற்றி அதன்பிறகு அவர் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை.

இப்போது ஷீபா கல்லூரிக்குப் போகிறாள், ஜெபினுக்கு மீசை அரும்புகிறது. யாரையும் எங்கும் விட வேண்டியதில்லை. ஆனாலும் மே வந்தால் நால்வரும் ஊருக்குப் போகிறோம். பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டி, அந்தக் காற்று முகத்தில் அறைந்ததும் எட்வின் எழுந்து நின்று மேலே இருக்கிற பைகளை இழுப்பார். "எந்திரிங்க, ஊரு வந்தாச்சு." ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது, தாம்பரம் தாண்டிச் சாக்கடையும் டீசலும் கலந்த வாடை ஜன்னலில் ஏறியதும் அதே மனிதர் அதே பைகளை இழுத்து, "எந்திரிங்க, ஊரு வந்தாச்சு" என்பார். இரண்டு முறையும் அவர் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருப்பார். இரண்டு முறையும் நாங்கள் மூவரும் அவரைத் திருத்துவதில்லை, செருப்பைத் தேடிக் காலால் துழாவுவோம்.