வாய்க்கால் கரைக் கனகாம்பரம்

என் வேலையின் பெயரே எனக்குப் பகை. சமூகப் பாதுகாப்பு அலுவலர். எந்த ஊருக்குப் போய் இதைச் சொன்னாலும் முன்னால் உட்கார்ந்திருப்பவர், "எங்க அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் நின்னு போச்சுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த ஆபீஸ் வேறு, நான் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் கொடுத்த டீ ஆறிப்போகும். ஏரிகளையும் வாய்க்கால்களையும் சீர்செய்து விவசாயத்தை மேம்படுத்துகிற ஒரு திட்டத்தில் நான் வேலை பார்த்தேன். இன்ஜினியர்கள் வாய்க்கால் வெட்டுவார்கள். அதனால் யாருடைய பிழைப்பாவது அடிபடுகிறதா, யாராவது மனமில்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஆபீஸ், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்பக்கம் வாடகை வீடு, ஒரு ஸ்கூட்டி. வெளிநாட்டுக்காரர்கள் அமைதி தேடி வந்து தங்குகிற தெருவில், காலை நேரத்தில் ஹெல்மெட்டைக் காணோம் என்று கத்திக்கொண்டிருக்கிற ஒரே ஆள் நான்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஒளிவுமறைவு அறவே பிடிக்காது. நிலம் சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சையும் ஊர்க்கூட்டத்தில், எல்லார் காதிலும் விழும்படி வைத்துக்கொள்வேன். தனியாகப் போய்ப் பேசினால், மிரட்டி வாங்கினார்கள், சரிக்கட்டி வாங்கினார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரும். எங்கள் இன்ஜினியர் கிண்டலடிப்பார். "நீங்க கல்யாணப் பொண்ணுகிட்டயே மைக்க நீட்டித்தான் சம்மதம் கேப்பீங்க மேடம்." அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அவர் வாயில் சர்க்கரைக்குப் பதில் வேறு எதையாவது போடலாம் என்று தோன்றுகிறது; என் வாயிலும்தான்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் ஓரிடத்தில் ரொம்ப வளைந்து, குறுகி, தண்ணீர் அங்கேயே தேங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கழனிக்காரர்கள் வருஷா வருஷம் காய்ந்தார்கள். வளைவை நேராக்க வேண்டுமென்றால் ஒரே ஒருவருடைய நிலத்தில் கரையோரமாக ஒரு துண்டு வேண்டும். அது பட்டா நிலம். கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது, அவராக மனமுவந்து தர வேண்டும் என்பது எங்கள் விதி. கூட்டத்தில் நான் அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுதிக்கோங்க மேடம், நான் தரேன். ஒரு துண்டு நெலம் போனா இன்னா, குடியா முழுகிடப்போவுது? தண்ணி கடைசிக் கழனி வரைக்கும் போவட்டும்."

ஊரே கைதட்டியது. கடைசிக் கழனிக்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொடுத்தவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், கொடுப்பதுபோல் பேசிவிட்டு மறுநாள் கமுக்கமாக நஷ்டஈடு கேட்பவர்களை. இவர் அப்படி இல்லை. உண்மையாகவே கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இன்றைக்கும் அவர்மேல் கோபம் கொள்ள என்னால் முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

வீட்டுக்காரம்மாவின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்று இன்னொரு விதி. அவர் மனைவி பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரலை உயர்த்தினேன்.

"அக்கா, உங்களுக்கும் சம்மதம்தானே?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

"அதான் அவரே சொல்லிட்டாரே."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

தமிழ் எனக்குத் தாய்மொழி. இதே வார்த்தையை என் அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். "அதான் சொல்லிட்டீங்களே" என்று அம்மா சொன்னால், அன்றைக்கு முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசும். வீட்டில் புரிந்த தமிழ், கையில் பேனாவைப் பிடித்ததும் எனக்குப் புரியாமல் போய்விட்டது.

மண் வெட்டும் வண்டி வருவதற்கு முன்னால், மரம் மட்டை ஏதாவது அடிபடுமா என்று பார்க்கத் தனியாகப் போனேன். அந்தத் துண்டில் ஒரு புங்கமரமும் அதன் நிழலில் கரை நெடுக கனகாம்பரமும் இருந்தன. நெல்லுக்கும் ஆகாத, வேர்க்கடலைக்கும் ஆகாத ஓரம் அது. வாய்க்கால் ஈரத்தில் செடிகள் செழித்து நின்றன. அந்த அக்கா குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க வெச்சதாக்கா?"

"பின்ன அவரா வெப்பாரு? அவருக்கு நெல்லு தவிர எதுவும் பயிரில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்தோம். கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பிருந்து பூவைப் பறித்துக் கட்டி வைப்பாராம். கனகாம்பரம் சீக்கிரம் வாடாது. பௌர்ணமி அன்று மத்தியானம் கூடையோடு பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து, கிரிவலப் பாதையில் மற்றப் பூக்காரப் பெண்களோடு உட்கார்ந்து விற்றுவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் ஊர் திரும்புவார்.

"பூ விக்கிறதுல பெருசா ஒண்ணும் வராது மேடம். ஆனா அந்த ஒரு நாளு நான் அடுப்பு மூட்ட வேணாம். ஓட்டல்ல போய் ஒக்காருவேன். அந்தப் பையன் வந்து, இன்னாம்மா வேணும்னு கேப்பான். எனக்கு இன்னா வேணும்னு கேக்கறது அவன் ஒருத்தன்தான்."

நான் கேட்டேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை.

அப்புறம் என் வழக்கப்படி யோசனைகளை அள்ளி வீசினேன். பூ மார்க்கெட்டில் வாங்கிக் கட்டி விற்கலாமே? "வாங்கி வித்தா வியாபாரம்ங்க. நெலம் நீச்சு வெச்சுனு கீற வூட்டுப் பொம்பள வியாபாரத்துக்குப் போறதானு குதிப்பாரு. நம்ம கரைப் பூ, வீணாப் போவுதே, எடுத்துனு போய்ட்டு வரேன்னாத்தான் வுடுவாரு." சரி, கழனியிலேயே ஒரு மூலையில் செடி வைத்தால்? "நெல்லு வெளையற எடத்துல பூவானு கேப்பாரு. கேக்கமாட்டாரா பின்ன?" எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. ஏற்கெனவே எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுப் பார்த்து முடித்திருந்தார்.

கடைசியாக, அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், விதியில் இடமிருக்கிறது, நான் எழுதித் தருகிறேன் என்றேன். வாய்க்காலுக்கு வேறு வழி யோசிக்கச் சொல்லி இன்ஜினியரோடு நானே சண்டை போடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் பதறிவிட்டார். "ஐயோ வேணாங்க. ஊர் நடுவுல நின்னு, வாயால குடுத்துட்டாரு. எல்லாரும் கைதட்டிட்டாங்க. இப்ப நான் போய் வேணாம்னு சொன்னா, அவரு எந்த மூஞ்ச வெச்சுனு தெருவுல நடப்பாரு?" கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில்தான் அதைச் சொன்னார், குறை சொல்கிற குரலில்கூட இல்லை. "நீங்க கூட்டத்துக்கு மொதநாளு வந்து என்னத் தனியாக் கேட்டிருந்தா, அவராண்ட எப்படியாச்சும் சொல்லிப் பாத்திருப்பேன்."

தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டதாலேயே அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு பதில்தான் மிஞ்சியது. இது புரிய எனக்கு ஒரு புங்கமர நிழல் தேவைப்பட்டது.

வண்டி வந்தது. வளைவு நேரானது. பூச்செடிகளுக்கென்று ஆபீசில் முட்டி மோதி ஒரு நஷ்டஈடு வாங்கினேன். நிலம் கணவர் பெயரில் இருந்ததால் அவர் கணக்கில்தான் அது போய்ச் சேர்ந்தது. அந்த மழைக்குத் தண்ணீர் கடைசிக் கழனி வரை போனது. இதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கழனிக்காரர்கள் இரண்டாம் போகம் நட்டார்கள். எங்கள் திட்டத்தில் நன்றாக முடிந்த வேலைகளில் அதுவும் ஒன்று. வந்து பார்த்த பெரிய அதிகாரிகள் அந்த வாய்க்கால் ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. திட்டத்தைக் கண்காணிக்கும் குழுவில் பெண்கள் கம்மியாக இருக்கிறார்கள் என்று சொல்லி அந்த அக்காவைச் சேர்த்துவிட்டேன். வேங்கிக்காலில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவர் கணவருக்குப் போன் செய்வேன். அந்த வீட்டில் இருந்த ஒரே போன் அவருடையது. "மேடம் கூப்புட்டா போவாம இருக்கலாமா?" என்று பெருமையாக அனுப்பி வைப்பார். அக்கா இஸ்திரி போட்ட புடவையில் வந்து உட்காருவார். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். முடிந்ததும், "எனக்கு டவுன்ல கொஞ்சம் வேலை" என்று கிளம்பிவிடுவார். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தோசை சாப்பிடுவதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். சரிசெய்துவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி.

திட்டங்களுக்கு ஆயுசு உண்டு என்பதை அந்த நிம்மதியில் மறந்துபோனேன். எங்கள் திட்டமும் முடிந்தது. ஆபீசைக் காலி செய்தோம். குழுவுக்கு முறையாக ஒரு நன்றி சொல்லி அனுப்பினோம். அந்த அக்காவிடம் தனியாக எதுவும் பேசவில்லை. என்ன பேசுவது? எனக்கே வேலை இல்லை.

சில மாதங்கள் போயின. ஒரு பௌர்ணமி. மத்தியானம் வீட்டில் இருந்தேன். கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் தெரு முனையில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஸ்கூட்டியை எடுக்க முடியாத எரிச்சலில் இருந்தேன். போன் அடித்தது. அந்தக் கணவர்.

"வணக்கம் மேடம், நல்லா கீறீங்களா? இன்னிக்கு உங்க ஆபீசுல மீட்டிங்காமே? எத்தினி மணிக்கு? கெளம்பி நிக்கறா, பஸ்சு ஏத்திவுட்டுடலாம்னு பாக்கறேன்."

"மீட்டிங்கா?" என்றேன். "திட்டமே முடிஞ்சுபோச்சுங்களே. இனிமே மீட்டிங் எதுவும் கிடையாதே. அக்கா வேற எதையோ..."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வாக்கியத்தை விழுங்கினேன், ஆனால் முக்கால்வாசி போய்விட்டது. அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "மீட்டிங் கெடையாதாம்மே" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. கொஞ்சம் தள்ளி அந்தக் குரல். "அப்படியா? நான்தான் மாத்தி நெனச்சுக்கினேன் போலருக்குது."

"தொந்தரவு குடுத்துட்டோம் மேடம், வெச்சிடறேன்" என்று அவர் சிரித்தபடி வைத்துவிட்டார்.

ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். உண்மையைப் பட்டென்று, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிற என் நாக்கை அறுக்கலாம் போலிருந்தது. வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னால் என்ன? மறந்தே போனேன், மீட்டிங் இருக்கிறது, உடனே அனுப்புங்கள் என்று சொன்னால் முடிந்தது. எந்த ஆபீஸ், என்ன விஷயம் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டேன். இந்தத் தடவையாவது அக்காவிடம் முதலில் கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பக் கூப்பிட்டேன். அவர்தான் எடுத்தார்.

"கொஞ்சம் அக்காகிட்ட குடுங்களேன்."

"அவளா? நல்ல பொடவய அவுத்து மடிச்சு வெச்சுட்டு அப்பவே கழனிக்குப் போய்ட்டாளே. இன்னா விஷயம் மேடம்? எங்கிட்டயே சொல்லுங்க."