குளத்தங்கரைச் சமதரை

பிரியாந்தினி அக்கா ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் முதலில் தண்ணீர்ப் போத்தலைத் தரையில் படுக்க வைப்பார். அது பாதி குடித்த போத்தலாக இருக்க வேண்டும். உருளாமல் கிடந்தால் அவர் முகம் மலரும். உருண்டால் போத்தலை எடுத்துத் துடைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்.

"இதுல கட்டில் போட்டா விடிய முன்னம் ஆள் கீழ கிடப்பாங்க" என்பார்.

கூடாரம் போட இடம் தெரிவுசெய்வது அவருடைய வேலை. வெளியே பார்த்தால் துணிக் கூடாரம். உள்ளே மரக்கட்டில், மெத்தை, மின்விசிறி, பின்பக்கம் குளியலறை எல்லாம் இருக்கும். இதைக் கிளாம்பிங் என்கிறார்கள். கண்டியில் தேவராசா சேர் நடத்தும் சிறிய சுற்றுலா நிறுவனம் இரண்டு வருடங்களாக இதில் இறங்கியிருக்கிறது. நான் அங்கே தமிழிலும் சிங்களத்திலும் கடிதங்கள் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தெல்தோட்டையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். லயம் சரிவில் இருந்தது. அவருடைய அம்மா அங்கம்மா கட்டிலின் கீழ்ப்பக்கக் கால்களுக்கு அடியில் கல் வைத்துச் சமப்படுத்துவாராம். பெரிய மழை பெய்தால் கல் மண்ணுக்குள் இறங்கிவிடும். மறுபடி கல் தேட வேண்டும். "எங்க லயத்துல யாரும் பந்து வெளையாடுறதில்ல. பந்து போச்சுன்னா பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வெளையாடுவாங்க" என்று அக்கா சொல்லியிருக்கிறார். மலையில் சமதரை என்றால் அது கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ துரை பங்களாவுக்கோ போய்விடும். அதனால் சமமான நிலத்தைக் கண்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான். கண்டியில் வளர்ந்தவர்கள் தட்டையான வெறும் நிலத்தைப் பார்த்தால், இது ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று கேட்பதில்லை. நமக்காகவே கிடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

கலகெதரவில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் அக்கா தெரிவுசெய்த இடம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு தேவராசா சேர் கிழக்குக் கரையில் கண் வைத்தார். கடலும் வேண்டும், காட்டுக்குளமும் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கூடாரம். "இடத்தை நீ தெரிவுசெய் பிள்ளை. பிறகு அங்கை பொறுப்பாளரும் நீதான்" என்றார். அதுவரை அந்த நிறுவனத்தில் பொறுப்பாளர் என்று ஒரு பெண்ணும் இருந்ததில்லை. அக்கா அடுத்த வாரம் கண்டிச் சந்தைக்குப் போய் நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கினார்.

பொத்துவிலுக்குத் தெற்கே அந்த இடத்தை முதலில் பார்த்தது நல்ல வெயில் காலத்தில். வான் வண்டியைப் பிரதான வீதியில் விட்டுவிட்டு, சேரும் அக்காவும் நானும் காணிக்காரர் சாஹுல் ஹமீதின் ட்ரக்டர் பெட்டியில் ஏறி மணல் பாதையில் போனோம். அந்தப் பக்கத்து வழக்கப்படி அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டோம். கடற்கரை மணல்மேடு, அதற்குப் பின்னால் பற்றைக்காடு, காட்டுக்குள் தாமரை மூடிய குளம். குளத்தின் ஓரத்தில் மருத மரங்கள் வளைத்து நிற்க, நடுவே ஒரு வெளி. புல் வெட்டியதுபோல் கட்டையாக இருந்தது. அக்கா போத்தலை வைத்தார். அது அசையவில்லை. அங்கேயே படுத்துப் பார்த்தார். படுத்தபடியே குளம் தெரிந்தது, கடற்காற்றும் வந்தது.

"இங்க யானையும் வரும்" என்றார் காக்கா.

"அப்ப காசில்லாமல் பெரஹரா" என்றார் தேவராசா சேர். எல்லோரும் சிரித்தோம். கண்டிக்காரர்களுக்கு யானை என்றால் பெரஹரா ஊர்வலத்தில் சங்கிலியும் பாகனும் சேர்ந்து வருகிற ஒன்று. அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்று, கடந்த பிறகு தேநீர் குடிக்கப் போவோம். அது எந்தப் பக்கத்தால் வரும், எங்கே நிற்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அனுமதிகள் கிடைத்தன. சேர் படம் எடுத்து விளம்பரம் போட்டார். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் முதலாவதாகப் பதிவுசெய்தது. இரண்டு சிறு பிள்ளைகள் என்றபடியால் சின்னக் கட்டில்கள் இரண்டு தனியாகச் செய்யக் கொடுத்தோம்.

இரண்டாம் முறை போனபோது பலகைகளும் கூடவே வந்தன. அடுத்த நாள் காலையில் மேடை அடிக்கத் தொடங்குவதாக ஏற்பாடு. வேலையாட்கள் பலகைகளை வெளியின் ஓரத்தில் இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிள்களில் ஊருக்குத் திரும்பினார்கள். சேரும் காக்காவும் அக்காவும் நானும் மட்டும் மிஞ்சினோம். கட்டில்கள் வரும் இடங்களில் அக்கா சுண்ணாம்பால் குறியிட்டார். கை கழுவக் குளத்தை நோக்கிப் போனவர் ஒரு மருத மரத்தடியில் நின்றுவிட்டார்.

நான் பக்கத்தில் போனேன். மரத்தின் பட்டை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அவர் தலைக்கும் மேலே, கை நீட்டினாலும் எட்டாத உயரம்வரை காய்ந்த சேறு. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததில் இரண்டு உயரங்களில் சேறு இருந்தது. ஒன்று மிக மேலே, ஒன்று அக்காவின் இடுப்பளவில்.

கண்டியில் படித்த காலத்தில் அக்கா மகாவலிக் கரையோரம் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த ஒழுங்கையில் கோயில் யானை ஒன்றைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து ஒரு மரத்தில் கட்டுவார்கள். ஆற்றுச் சேற்றோடு அது நாள் முழுவதும் அந்த மரத்தில் உரசிக்கொண்டு நிற்கும். "அந்த மரமும் இப்படித்தான் இருந்துச்சு தங்கச்சி" என்றார். "அது ஒரே ஒரு யானை." பிறகு இடுப்பளவுச் சேற்றைத் தொட்டார். "இது குட்டி."

திரும்பிப் போய் சேரின் முன்னால் நின்றார்.

"சேர், இந்த எடம் வேணாம்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"அதுங்க தண்ணி குடிச்சிட்டு வந்து படுக்கிற எடம் இது. மரத்தப் பாருங்க."

"எந்த மரத்தை?"

"எல்லா மரத்தையும்."

சேர் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். "சேறு ஒட்டிக்கிடக்கு. குளத்தங்கரையிலை சேறு ஒட்டாமல் கோதுமை மாவே ஒட்டும்?"

அக்கா காக்காவின் பக்கம் திரும்பினார். "காக்கா, நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"யானை வரும் எண்டு செல்லினன்தானே தங்கச்சி. எல்லாரும் சிரிச்சீங்க. ஆசைப்பட்டுத்தான் எடுக்கிறீங்க எண்டு நெனச்சன்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு நாங்க இஞ்சால வாறல்ல."

சேரின் முகம் கறுத்தது. "படம் போட்டாச்சு. சனம் வாற கிழமை வருது. கட்டிலிலை படுத்தபடி குளத்தைப் பாக்கலாம் எண்டு எழுதியாச்சு. இடத்தைத் தெரிவுசெய்தது ஆர்?"

"நான்தான் சேர்."

"அப்ப?"

"அதனாலதான் நானே சொல்றேன்."

"அப்ப பொறுப்பாளருக்கும் வேறை ஆளைப் பாக்கட்டோ?"

அக்கா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. "பாருங்க சேர். ஆனா அந்தப் புள்ளைங்க இங்க படுக்க வேணாம்."

சேர் ட்ரக்டர் பெட்டியில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து எடுத்துக்கொண்டு வெளியின் நடுவே நடந்தார். சுண்ணாம்புக் குறியின் மேல் அதைப் போட்டுக் குளத்தைப் பார்த்து உட்கார்ந்தார். "பொழுதுபடுமட்டும் இதிலைதான் இருக்கப்போறன். ஒண்டும் வராட்டில் நாளைக்குப் பலகை அடிக்கிறம்" என்று திரும்பாமலே சொன்னார்.

அக்கா இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிக்னல் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். காக்கா எங்கள் இருவரையும் பெட்டியில் ஏறச் சொன்னார். ஒரு பிடி மணலை எடுத்து விரல்களுக்கு இடையால் விட்டார். அது காட்டுப் பக்கமாகப் பறந்தது.

"காத்து கடல்ல இருந்து வருது. நாம இருக்கிறது அதுகளுக்கு இப்பவே தெரியும்."

"தெரிஞ்சா வராதுதானே?" என்றேன்.

"தாகமில்லாட்டி வராது."

வெயில் மஞ்சளாகி மரங்களின் உச்சிக்கு ஏறியது. குளத்தில் நின்ற கொக்குகள் எழுந்து மறுகரைக்குப் போயின. தவளைகளின் சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்ததை உணர்ந்தேன். காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று, அதைவிடக் கிட்ட.

சேருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் தோள்கள் நிமிர்ந்தன. ஆனால் அவர் எழும்பவில்லை.

"எழும்பச் செல்லுங்க. இப்ப ட்ரக்டருக்குச் சாவி போட்டா சத்தத்துக்கு எந்தப் பக்கம் பாயும் எண்டு தெரியா" என்று காக்கா கிசுகிசுத்தார்.

அக்கா ஏற்கெனவே பெட்டியிலிருந்து இறங்கியிருந்தார்.

"தங்கச்சி, ஓடாதீங்க."

அவர் ஓடவில்லை. கோயில் வீதியில் நடப்பதுபோல் நடந்தார். நான் பெட்டியின் இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தும் விட முடியவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் போய் அவர் சேரின் முழங்கையைப் பிடித்தார். அவருடைய குரல் எங்களுக்கும் கேட்டது.

"சேர், வாங்க. தேத்தண்ணி குடிக்கப் போறோம்."

"கால் வருதில்லை பிள்ளை" என்றார் சேர்.

"வரும். என் மேல சாஞ்சுக்குங்க."

அவர்கள் பாதி வழி வந்தபோது, மருத மரங்களுக்கு இடையில் இருந்த நிழலில் ஒன்று அசைந்தது. யானை முழுதாக வெளியே வருமுன் அதன் விலாப் பக்கம் அந்த வழுவழுப்பான மரத்தில் ஒருமுறை உரசியது. அடுத்து இன்னொன்று வந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் குட்டி.

அக்கா நின்றார். சேரும் நின்றார். முன்னால் வந்த யானையின் காதுகள் விரிந்தபடி அசையாமல் இருந்தன. அது துதிக்கையை அவர்கள் பக்கம் நீட்டிக் காற்றை முகர்ந்தது. அக்கா முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார். சேரையும் இழுத்து வைத்தார். பிறகு இன்னோர் அடி. யானை ஒருமுறை காலைத் தூக்கி நிலத்தில் வைத்தது. மண் தூசு எழும்பியது. அக்கா அப்படியே நின்று, அது தலையைத் திருப்பும்வரை காத்திருந்து, மீண்டும் நடந்தார்.

பெட்டிக்குக் கிட்ட வந்ததும் காக்கா சேரின் கைகளைப் பிடித்து மேலே தூக்கினார். நான் அக்காவைப் பிடித்தேன்.

யானைகள் பலகைகளிடம் போயின. மேலே கிடந்தவற்றை ஒன்று துதிக்கையால் தள்ளியது. கோபமில்லை. வழியில் கிடந்ததை ஒதுக்குகிற மாதிரித்தான் இருந்தது. கதிரையைத் தூக்கிப் பார்த்தது, விட்டது, அதன் மேல் கால் வைத்தது. பிளாஸ்டிக் வெடிக்கும் சத்தம் கேட்டது. குட்டி சுண்ணாம்புக் குறிகளை முகர்ந்துகொண்டு போய், சின்னக் கட்டில்கள் வரவேண்டிய இடத்தில் படுத்தது.

யானைகள் குளத்தின் மறுகரைக்குப் போன பிறகுதான் காக்கா சாவியைத் திருப்பினார்.

காலையில் விடுதியில் தேநீர் குடிக்கும்போது சேர் கேட்டார். "மற்ற இடம் எங்கை?"

முதல் முறை வந்தபோதே அக்கா அதைப் பார்த்து, சரிவு என்று கைவிட்டிருந்தார். மணல்மேட்டுக்கு அருகே பாறைகள் சூழ்ந்த ஓர் ஏற்றம். காக்காவிடம் இந்த முறை எல்லாம் கேட்டார். யானை எந்த வழியால் வரும், எந்த மாதத்தில், பாறை ஏறுமா, இதற்கு முன் யாராவது அங்கே இரவு தங்கியிருக்கிறார்களா. மீன்பிடிக் காலத்தில் தன் வாப்பா அங்கேதான் வாடிக் குடிசை போட்டிருந்தார் என்றார் காக்கா.

சேர் ஏற்றத்தின் மேல் நின்று கண்ணைச் சுருக்கினார். "குளம் தெரியுதில்லையே."

"நின்னா மரத்துக்கு மேல கொஞ்சம் தெரியுது சேர்."

"படுத்தால்?"

"படுத்தா கடல் கேட்கும்."

சந்தியில் சிக்னல் கிடைத்ததும் கொழும்புக் குடும்பத்துக்கு அக்காவே தொலைபேசி எடுத்தார். சிங்களத்தில் அவருக்குத் தடுக்கிய இடங்களில் நான் உதவினேன். எதையும் மறைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அந்தத் தாய் முழுவதையும் கேட்டார். நன்றி சொன்னார். குளம் தெரியும் என்றுதான் பதிவுசெய்தோம், வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா தொலைபேசியைப் பைக்குள் போட்டார்.

மத்தியானம் வேலையாட்கள் பலகைகளை ஏற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றிரண்டு முறிந்திருந்தன. அக்கா பழக்கத்தில் போத்தலைத் தரையில் வைத்தார். அது விறுவிறுவென்று உருண்டு ஒரு வேலையாளின் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்துத் திறந்து குடித்துவிட்டார்.

"மேடைக் கால் எல்லாம் ஒரே உயரமோ சேர்?" என்று தச்சர் கேட்டார்.

தேவராசா சேர் நிழலில் இருந்த பாறையில் உட்கார்ந்திருந்தார். "என்னை ஏன் கேக்கிறீர்? அங்கை நிக்கிறாதானே பொறுப்பாளர். அவவைக் கேளும்" என்றார்.

அக்கா சரிவில் இறங்கி நின்று மேலே பார்த்தார். மழைக்கு மண் எந்தப் பக்கம் போகும் என்று சப்பாத்து நுனியால் ஒரு கோடு கீறினார். பிறகு குனிந்து தட்டையான கற்களாகப் பொறுக்கத் தொடங்கினார். "கீழ்ப்பக்கக் காலுக்கு அடியில இதை வைங்க" என்றார். "இன்னும் பெருசு வேணும். சின்னக் கல்லு ஒரு மழைக்குத் தாங்காது."