காசிம் அண்ணாச்சியின் மூக்குக்குச் சாட்சி

"அதெல்லாம் முடியாது, அண்ணாச்சி. நான் சொல்லத்தான் போறேன். 'நான் இருக்க வரைக்கும் வாயத் தொறக்கப்படாது வே'ன்னுதான சொன்னீரு? இப்பத்தான் நீரு இல்லையே. பெறவு என்னத்துக்குக் கண்ண உருட்டுதீரு?"

நான்கு நாளாக அவரோடு இப்படித்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் என்னைச் சண்டையில் ஜெயிக்க விட்டதில்லை. இப்போதும் பதில் பேசாமலேயே ஜெயிக்கப் பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்க்குடி பஸ் நிறுத்தத்தில் நின்றேன். தென்காசியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே, "சுடலை அண்ணாச்சி, ஒங்க எதிரி போயிட்டாரு" என்றார். எனக்கு எதிரி என்று இந்தச் சீமையில் ஒருவர்தான் உண்டு. யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறித் தென்காசிக்குப் போனேன்.

குற்றாலத்தில் சீசன் கடை போடும் வியாபாரிகள் காசிம் அண்ணாச்சிக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அவர் பக்கத்துக் கடைக்காரன் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற பிழையைப் பொறுக்க வேண்டாம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம், பேரருவிக்குப் போகும் பாதையில் முதல் தடவையாகக் கடை போட்டேன். மதுரையில் ஒரு மொத்தக் கடைக்காரர் கம்பளி மப்ளர் என்று கட்டித் தந்த மூட்டையைப் பிரித்து அடுக்கினேன். பக்கத்துக் கடையிலிருந்து குல்லா போட்ட ஒரு உயரமான மனிதர் வந்தார். மப்ளரைக் கன்னத்தில் தேய்த்தார். சாரலில் ஒரு நிமிஷம் நீட்டிப் பிடித்தார். பிறகு குல்லாவுக்குள்ளிருந்து தீப்பெட்டியை எடுத்தார். சாரல் நாளில் தீப்பெட்டி நமுத்துப் போகாமலிருக்க அவர் தலைதான் அதற்கு வீடு.

ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். அது சுருண்டு உருகிச் சொட்டியது.

"இது என்னது வே?" என்றார்.

"கம்பளி, அண்ணாச்சி."

"எந்த ஆட்டுல வெட்டுனது? கம்பளின்னா ஆட்டு முடி வே. முடி கருகுனா முடி வாடதான் வரணும். சாம்பல விரல்ல நசுக்குனா மாவாப் போகணும். இங்க பாரும், கடுகு மாதிரி கெட்டியா நிக்கி. இதுக்கு நைலான்னு பேரு."

அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். நன்றி சொல்லாமல், "எம் மப்ளர எரிச்சிட்டீரே" என்று சண்டைக்குப் போனேன். எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் தெரிந்தேதான் நைலான் விற்றேன். கேட்டால் நைலான் என்பேன். கேட்காவிட்டால் சும்மா இருப்பேன். அவரோ அசல் கம்பளி தவிர எதையும் தொட மாட்டார். அருவியில் நனைந்து பல் தந்தியடிக்க வருகிறவர்கள் எந்தக் கடையில் சால்வை வாங்கினாலும், அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் போர்த்துவார்கள். 'மூக்கு காசிம்' என்று பெயரே விழுந்துவிட்டது. "நான் கம்பளின்னு சொல்லி அது நைலானா இருந்தா, அன்னைக்கே கடைய மூடிட்டுப் போயிருவேன்" என்று பஜார் நடுவில் அவர் சொல்லாத நாள் கிடையாது.

எனக்கு அந்த மூக்கின் மேல் ஒரு கண். அதை ஒரு தடவையாவது ஏமாற்றிப் பார்க்க வேண்டும் என்று மனசு அரித்தது.

அறுபதுகளில் ஒரு சீசன். என் வீட்டுக்காரி பார்வதி, சீவும்போது உதிரும் முடியைச் சவுரி கட்டுவதற்காக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒரு பிடியை எடுத்தேன். ஒரு கறுப்பு நைலான் சால்வையின் குஞ்சத்தில், நூலுக்கு ஒரு முடியாக வைத்து முறுக்கினேன். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செய்தேன். பள்ளிக்கூடத்தில் இந்தப் பொறுமை இருந்திருந்தால் இன்றைக்குத் தாசில்தார் ஆகியிருப்பேன்.

அந்தச் சால்வையைக் கடையத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார், இளைப்புக்காரியான தன் மனைவிக்காக, என்ன நூல் என்று என்னிடம் கேட்காமலே எடுத்தார். நான் எதிர்பார்த்தபடியே நேராகக் காசிம் அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். அவர் அப்போதுதான் அருவிக்குப் புறப்பட எண்ணெய் தேய்த்து முடித்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய். சால்வையில் படக் கூடாதென்று கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வாத்தியாரையே குஞ்சத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தச் சொல்லி, மோந்து மட்டும் பார்த்தார்.

"முடி வாடதான். கம்பளி. தைரியமாக் கொண்டு போங்க சார்" என்றார்.

சாம்பலை நசுக்கிப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கையில் சாம்பல் அப்பிக்கொள்ளும் அல்லவா? நான் என் கடைக்குள் திரும்பி நின்று, குலுங்கக் குலுங்கச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் வாத்தியார் வந்தார். ஈரம் காய அடுப்புப் பக்கம் போட்டிருந்த சால்வையின் ஒரு ஓரம் உருகிக் கட்டியாகிவிட்டிருந்தது. கூட்டம் கூடியது. வாத்தியார் கோபப்படவே இல்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் அவளுக்குப் போர்த்துனேன், பாய்" என்றார். அவ்வளவுதான்.

காசிம் அண்ணாச்சி சால்வையை வாங்கிக் குஞ்சத்தைப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தன் கடையில் இருந்ததிலேயே நல்ல சால்வை ஒன்றை எடுத்து வாத்தியார் தோளில் போட்டார். "சொன்ன சொல் சொன்னதுதான்" என்று கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டி மூடிவிட்டுப் போய்விட்டார். சீசன் பாதிகூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நான் தென்காசிக்கு அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். அவர் மனைவி ஆயிஷா மயினி சாயா கொடுத்தார்கள். தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி, அந்தச் சால்வ..." என்று தொடங்கினேன்.

"தெரியும் வே. எந்த ஆட்டுக்கு ஒண்ணேகால் முழ முடி? அதுவும் தேங்காய் எண்ணெ வாடயோட?"

"நாளைக்கே பஜார்ல வச்சி நாந்தான்னு சொல்லிருதேன்."

"சொல்லி? ஒம்ம அங்கன கடை போட விடுவானுவளா? நாலு பொட்டப்புள்ளைய வச்சிருக்கீரு. நான் மூடுனா அடுத்த சீசனுக்குத் தொறந்துக்கிடுவேன். ஒம்மள மூட வச்சா, பெறவு தொறக்கவே விடமாட்டானுவ. நான் இருக்க வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. இது சாம்பல நசுக்காத எங் குத்தம். நானே சொமந்துக்கிடுதேன்."

சொன்னபடியே செய்தார். மிச்சச் சீசன் முழுக்க அவர் கடை மூடியே கிடந்தது. என் வாழ்நாளில் அதைவிட நீளமான சாரல் காலம் இல்லை. சண்டை போடவும் ஆளில்லை.

அடுத்த வருஷம் திறந்தார். ஆனால் 'மூக்கு காசிம்' என்ற பெயர் அதற்குள் கேலிப் பெயராகிவிட்டது. "மூக்கு பாய், இது கம்பளியா, வெளக்குமாறா?" என்று விடலைகள் கேட்டுவிட்டு ஓடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு ஒவ்வொரு தடவை நூலைக் கொளுத்தும் முன்பும் கைகளைத் துடைத்துக்கொண்டு, பஜாருக்கே கேட்கும்படி என்னிடம் கத்துவார்:

"ஏ சுடலை, ஒங்க வீட்டுல தலை சீவியாச்சா?"

எல்லோரும் சிரிப்பார்கள். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. நான் மட்டும் குனிந்து மப்ளர் மடிப்பேன். அவர் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். ஆனால் ஒரு நாள் தவறாமல் கொடுத்தார்.

அவர் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை நின்றபோது, இரண்டு வியாபாரிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நல்ல மனுசன்தான். ஒரேயொரு தடவ மூக்கு ஏமாத்திருச்சி."

ஏமாற்றவில்லை, ஐயா. முடி வாடை என்றார், அது முடியேதான். ஏமாற்றியவன் நான். என் நாலு பெண்களையும் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி என் கடையை மூட வேண்டுமென்றால் மூடிக்கொள்ளுங்கள். 'மூக்கு காசிம்' என்ற பெயரை மட்டும் பழையபடி மரியாதையாகச் சொல்லுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் பார்வதிக்கு வாசித்துக் காட்டினேன். ஆயிஷா மயினியைப் பார்க்கத் தென்காசிக்குப் புறப்பட்டவள், தலை சீவிக்கொண்டே கேட்டாள். வாத்தியார் மனைவியின் இளைப்பு வந்த இடத்தில் "பாவம்" என்றாள். சவுரி டப்பா வந்த இடத்தில் சீப்பு நின்றது. கடைசி வரிவரை கேட்டாள். பிறகு சீப்பில் இருந்த முடியை உருவிச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்தாள். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினாள்.

"ஏட்டி, இரு. அண்ணாச்சிக்கு விடை குடுக்குத கடைசிப் பத்தி ஒண்ணு பாக்கி இருக்கு. அதுதான் நல்லா வந்திருக்கு, கேட்டுட்டுப் போ" என்றேன்.

"அத நீங்க அண்ணாச்சிகிட்டயே போயிச் சொல்லுங்க" என்றாள். சொல்லும்போதே பஸ் நிறுத்தத்தை நோக்கிப் பாதித் தெரு நடந்துவிட்டிருந்தாள்.