குண்டனின் தொப்பையும் கூலிக்காரன் முதுகும்

ஊமைப் படத்துக்கு வாயாக இருப்பது லேசான தொழில் இல்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று, கொட்டகையின் கடைசி பெஞ்சிக்கும் கேட்கிற மாதிரி தொண்டை கிழியக் கதை சொல்ல வேண்டும். ரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், நான் அதைத்தான் செய்தேன். முதலாளி சொன்னதைச் சொல்லி, மனசில் பட்டதை விழுங்கிப் பிழைத்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். ஒரு ருஷ்யப் பொம்மைப் படத்துக்காக என் பிழைப்பே போச்சு. போகட்டும்! அதைவிட அழகான படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வயிற்று வலி

பம்பாயிலிருந்து முதலாளி மொத்தமாக வாங்கிய பழைய ரீல்களோடு அதுவும் வந்து சேர்ந்தது. எழுத்து ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு கப்பல்காரன்தான் பார்த்துவிட்டு ருஷ்யப் படம் என்றான். காகிதத்தில் வெட்டிய உருவங்கள். உயரத் தொப்பி வைத்த குண்டன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். கூலிகள் பலகை மேல் ஏறி, மூட்டை மூட்டையாக அவன் வாயில் கொட்டுவார்கள். தொப்பை திரை முழுக்க ஊதும். கடைசியில் கூலிகள் மூட்டையை இறக்கி வைத்துவிடுவார்கள், குண்டன் சுருங்கிக் காணாமல் போவான். அவ்வளவுதான் படம்.

முதலாளி பயந்துவிட்டார். "தமாஷ் படம்னு சொல்லுய்யா. வேற ஏதாச்சும் வாயில வந்துச்சு, உனக்கு இங்க வேலை இல்லே" என்றார். நானும் மடையன் மாதிரி, "பாருங்க, துரைக்கு வயித்து வலி!" என்று ஆரம்பித்தேன். முன் பெஞ்சியில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் அரிசி மூட்டை தூக்குகிற ஆட்கள். அவர்களில் முனுசாமி என்பவன் எழுந்து நின்று கத்தினான்: "வயித்து வலியாண்ணே அவனுக்கு? அவன் வயித்துல கெடக்கறது எங்க சோறு!"

ஆணி தெரிகிறது

அதற்கப்புறம் எனக்கு அந்தப் படத்து மேல் பைத்தியம் பிடித்தது. எங்கள் ஆபரேட்டர் கோ மியா, அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. காலையில் கொட்டகை காலியாக இருக்கும்போது அவரைக் கெஞ்சித் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வேன். அமெரிக்கப் பொம்மைப் படத்தில் பூனை, மரம், நாற்காலி எல்லாம் ஆடும். இதில் வேண்டாதது எதுவும் அசையாது. குண்டன் சும்மா உட்கார்ந்திருப்பான், தாடை மட்டும் மேலும் கீழும் போகும்.

கூலியின் தோளில் காகிதத்தைச் சேர்த்துக் குத்திய ஆணி கூடப் பளிச்சென்று தெரியும். வரைந்தவன் அதை மறைக்கவே இல்லை, அப்படி ஒரு திமிர்! கோ மியா ஒரு நாள் படம் ஓட்டுகிற கைப்பிடியை விட்டுவிட்டு, ஐயோ என்பதைப் பர்மிய பாஷையில் சொல்லி என்னைப் பார்த்தார்: "அமலே! ஆணி தெரியுது, வெறும் காகிதம்னும் தெரியுது. அப்புறம் ஏன்யா எனக்கு மூச்சு வாங்குது?"

வக்கீலின் தீர்ப்பு

ரங்கூனின் பபேடான் பேட்டையில் ஒரு தமிழ் வக்கீல், நாற்காலி டிக்கெட்டில் குடும்பத்தோடு வருகிறவர். படம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இது வெறும் பிரச்சாரம். இதில் கலை எங்கே இருக்கிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பகோடா மண்டபத்துல நரகத்தை வரைஞ்சிருக்காங்களே, பாவிங்களை எண்ணெய்க் கொப்பரையில போட்டு வறுக்கறாங்களே, அது பிரச்சாரம் இல்லையா சார்? அதை வாய் பிளந்து பார்க்கறோமே!" என்றேன். மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அங்கே வறுபடுறவன் செத்தவன். இங்கே உயிரோட இருக்கறவனைக் காட்டுறான், அதான் வித்தியாசம்."

சொல்ல வேண்டிய கதை

விஷயம் ரகசியப் போலீஸ் வரை போய்விட்டது. சென்னைப் பக்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். தடை போட்டால் ஊரெல்லாம் பேச்சாகும் என்று நினைத்தாரோ என்னவோ, என்னிடம் வேறு வழி சொன்னார்: "மூட்டையை இறக்கறவன் திருடன், குண்டன் நல்லவன்னு கதை சொல்லு. சொன்னா உன் வேலை நிலைக்கும்." முதலாளி பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். கொட்டகையில் எள் போட இடமில்லை, இன்ஸ்பெக்டர் நடு நாற்காலியில். திருடன் என்று சொல்ல வாயெடுத்தேன், நாக்கு மறுத்துவிட்டது. யாரைத் திருடன் என்பது? கதையே சொல்லாமல், வரைந்த விதத்தைச் சொன்னேன். "அந்த முதுகைப் பாருங்க. ஒரே இழுப்புல போட்ட கோடு. மூட்டை ஏற ஏற எப்படி வளையுது பாருங்க. இப்ப மூட்டை இறங்குது. அதே கோடுதான், நிமிருது பாருங்க!" முன் பெஞ்சியில் ஒவ்வொரு முதுகாக நிமிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் போலீஸ்காரர்கள் ரீலைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தினார்: "நீ கட்சி பேசியிருந்தா கேஸ் போட்டிருப்பேன். படம் வரைஞ்ச அழகைப் பேசிட்டே, எந்தச் சட்டத்துல போடறதுன்னு தெரியலே. ஆனா நாளையிலிருந்து நீ இங்க நிக்கக் கூடாது."

கலை எது, பிரச்சாரம் எது என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அழகாக இருக்கிறது என்று சொன்னதற்கே ஒருவன் வேலையைப் பறிக்க வைக்கிற படம் கலைதான் ஐயா.